எட்டுப் பேர் ஜீப்

— எட்டுப் பேருதான் மேடம். எழுதிக்கிட்டு ஜீப்ப விடுங்க. ஏலக்கா எடுக்கப் போற பொம்பளையாளுக. லேட்டாப் போனா மேல கேரளா எஸ்டேட்டுல மொதலாளி சேட்டன் என்னையத்தான் வையுவாரு.

— அண்ணே, நான் போலீசும் இல்ல, ஆர்டிஓவும் இல்ல. பேரு இவாஞ்சலின், தேனிதான் சொந்த ஊரு. கம்பத்துலருந்து மலையேறிக் கேரளாவுக்கு ரயில் விட்டா கட்டுபடியாகுமான்னு சர்வே எடுக்குறோம். விடிஞ்சதுலருந்து இந்த ரோட்டுல நிக்கிறேன். எந்த ஜீப்ப நிறுத்திக் கேட்டாலும் எட்டு. ஒண்ணுலகூட ஏழு இல்ல, ஒம்பது இல்ல!

— அம்புட்டு ஒழுக்கமான ஊரு மேடம் இது.

— உங்க பேரு?

— வேல்பாண்டி. இந்தா முன்சீட்டுல மொறச்சுக்கிட்டு இருக்கே, இது முனீஸ்வரி. எம் பொண்டாட்டி. தெனமும் ஓசியில வாரதும் இல்லாம, கியரு போட எடமும் விடாது.

— ஏ மச்சான், எம் பேச்ச விடு. ஏம்மா, ரயிலு நெசமா வருமா?

— போக வர ஆளு இருந்தா வரும்க்கா. ஜீப்புக்கு எட்டுப் பேருன்னு கூட்டிப் பாத்தா ரெண்டு பஸ்ஸே போதும்னு வருது. ரயிலுக்கு ஆளில்லன்னு எழுதி ஃபைல மூடிருவாக.

— மூடிட்டா?

— மூடினதுதான்.

— ரொம்ப நல்லது மேடம். கெளம்புவமா?

— நில்லு மச்சான்! ஏம்மா, எட்டு இல்ல. பதினேழு.

— ஏய் முனீசு!

— மிச்ச ஆளுக எங்கக்கா?

— செக்போஸ்டுல மாட்டக் கூடாதுன்னு கீழ் வளைவுலயே எறங்கி ஒத்தையடிப் பாதையில ஏறிக்கிட்டு இருக்காளுக. அங்கன மேல போயி ஏத்திக்கிருவோம். பெர்மிட்டு எட்டுப் பேருக்குத்தான். பேனாவும் அட்டையுமா யாரு நின்னாலும் எட்டுன்னுதான் சொல்லணும், எல்லா ஜீப்புக்கும் இதே பாடம். நீயும் பேனாவும் அட்டையுமா நிக்கிற. நாங்க என்னத்தக் கண்டோம்?

— ஆண்டவரே! அப்ப காலையிலருந்து நான் எண்ணுனது பாதி ஊரா?

— பாதிக்கும் கொறச்சல். மிச்சம் காட்டுக்குள்ள மூச்சு வாங்கிக்கிட்டு நடக்குது.

— முனீசு, ஒனக்கு மூளை கீள இருக்கா? மாப்ள ஜீப் வச்சிருக்காருன்னுதானே ஒங்கப்பன் பொண்ணு குடுத்தாரு. ரயிலு வந்துட்டா, மாப்ள என்ன வச்சிருக்காருன்னு சொல்லுவ?

— உசுர வச்சிருக்காருன்னு சொல்லுவேன்.

— பேச்சப் பாரு.

— நெசத்தத்தான் சொல்றேன். பதினேழு பேர அள்ளிப் போட்டுக்கிட்டுக் கொண்ட ஊசி வளைவுல நீ திருப்புறப்ப, எல்லாரும் பள்ளத்தப் பாப்பாளுக. நான் ஒம் மொகத்தப் பாப்பேன். வேர்த்து ஊத்தும். மேல போயி எறங்குனதும் நழுவிறக் கூடாதுன்னுதானே டீ கிளாஸ ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிர்ற?

— அது... குளுருக்கு.

— சித்திரை மாசத்துலயுமா?

— அண்ணே, வண்டி நம்பர நான் எழுதல. ஆள் எண்ணிக்கை மட்டுந்தான். ஆனா உங்க பொழப்பு சம்பந்தப்பட்டது, நீங்க சொல்லாம எழுத மாட்டேன். எட்டா, பதினேழா?

— ஒலகத்துல எம்புட்டோ எடம் கெடக்கு. புருசன் பொண்டாட்டிக்கு நடுவுல கொண்டாந்து ரயில விடுறீகளே மேடம்.

— சொல்லுங்கண்ணே. பின்னால ஜீப்புல ஹாரன் அடிக்கிறாக.

— அடிக்கட்டும். அவனும் எட்டுன்னுதான் சொல்லப் போறான், நம்பிறாதீக.

— அப்ப பதினேழுன்னு எழுதிக்கவா?

— பதினேழு இல்ல மேடம்.

— மச்சான்!

— சும்மா இரு முனீசு. பதினெட்டுன்னு எழுதுங்க மேடம். இத்தன வருசமா இந்த மலையில ஏறி எறங்குறேன், ரோட்டத் தவிர ஒண்ணையும் பாத்ததில்ல. ரயிலு வந்தா, டிரைவருக்கும் சன்னலோரமா ஒரு சீட்டு வேணும்.