அண்ணனுக்கு இந்தி தெரியாது

என் இந்தி நல்ல இந்தி. "அங்கிள்ஜி, உங்களை மதராஸி என்றே சொல்ல முடியாது" என்று பஞ்சாபிக்காரர்களே சொல்வார்கள். ஊரிலிருந்து வைத்தியத்துக்கு வரும் நம் ஆட்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட வந்து பேச ஆள் வேண்டுமென்றால், டில்லி மயூர் விஹாரில் என்னைத்தான் தேடுவார்கள். டாக்டர் எரிந்து விழுந்தாலும் நோயாளியின் காதுக்கு அது பக்குவமாகத்தான் போய்ச் சேரும். சூடான பேச்சைக் கொஞ்சம் ஆற்றிக் கொடுப்பதில் தப்பில்லை. நீங்கள் தமிழ் தெரிந்த அதிகாரி, உங்களுக்குப் புரியும்.

என் அண்ணன் அடைக்கலசாமி திண்டுக்கல்லிலிருந்து வந்தபோதும் நான்தான் பேசினேன். அவருக்கு நுரையீரலில் புற்றுநோய். வலது பக்கம் கீழ்ப்பகுதியை வெட்டி எடுத்தார்கள். கட்டி முழுதாக வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்றார் டாக்டர். அதை ஒரு வார்த்தை மாற்றாமல் அண்ணனிடம் சொன்னேன்.

"அப்ப எப்படா ஊருக்குப் போலாம்?" என்றார் அவர்.

எனக்குச் சுருக்கென்றது. மனைவி இறந்தபின் என் ஃப்ளாட்டில் நான் தனி. மகன் கனடாவில். சின்ன வயதில் என்னை ஒரு பொருட்டாகவே மதிக்காத அண்ணன், இப்போது தண்ணீர் வேண்டுமென்றாலும் என் முகத்தைப் பார்த்தார். அது எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டுக்கு அழைத்து வந்தபின் ஆஸ்பத்திரி பிசியோதெரபிஸ்ட் ஸ்நேஹா தினமும் போன் செய்வாள். ஸ்பீக்கரில் போடுவேன். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பலமாக இருமச் சொல்லுங்கள், எழுந்து நடக்கச் சொல்லுங்கள், சளி தங்கினால் மிச்ச நுரையீரலும் சுருங்கி நிமோனியா வந்துவிடும் என்பாள்.

"என்னடா சொல்லுது அந்தப் புள்ள?"

"அசையாமப் படுத்திருக்கணுமாம்ணே. இருமுனா உள்தையல் பிரிஞ்சிருமாம்."

"ஆஸ்பத்திரில இருமு இருமுன்னாங்களே?"

"அது அப்ப. இப்ப புண்ணு ஆறுற நேரம்."

அவர் நம்பினார். இருமல் வந்தால் பல்லைக் கடித்து அடக்கிக்கொள்வார், கண்ணில் நீர் முட்டும். எவ்வளவு பொறுமைசாலி என்று நினைத்துக்கொள்வேன். மூச்சுப் பயிற்சிக்கென்று ஆஸ்பத்திரியில் கொடுத்த, மூச்சை இழுத்துப் பந்துகளை மேலே ஏற்றுகிற பிளாஸ்டிக் டப்பாவைத் தூக்கிப் பரணில் வைத்தேன். ஸ்நேஹாவிடம் மூன்று பந்தையும் ஏற்றுகிறார் என்றேன். "வெரி குட், அங்கிள்ஜி" என்றாள். அண்ணன் மகள் ஜெனிஃபர் கைக்குழந்தையோடு ஊரில் இருந்தாள். அவள் போனில் கூப்பிட்டால் அப்பா தூங்குகிறார் என்பேன். பெரும்பாலும் அது உண்மைதான்.

பிறகு காய்ச்சல் வந்தது. மூச்சு இரைத்தது. ஸ்நேஹாவிடம் நன்றாக இருக்கிறார் என்றேன். உடம்பு கொஞ்சம் தளர்ந்திருந்தால் பயணம் தள்ளிப்போகும், வேறொன்றும் நான் நினைக்கவில்லை. உதடு நீலம் பாரித்தபோது ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவனும் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எக்ஸ்ரேயில் வலது பக்கம் சளி அடைத்து வெள்ளையாக இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் டாக்டர் என்னை அழைத்தார். பலமாக இருமிச் சளியைத் துப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் மூச்சுக்குத் தொண்டையில் குழாய் போட வேண்டியிருக்கும், அதைத் தாங்குவாரா என்று தெரியாது என்றார். அண்ணன் மாஸ்க்குக்குள்ளிருந்து என்னையே பார்த்தார். இப்போது இருமச் சொன்னால், இத்தனை நாளும் நான் என்ன செய்தேன் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அந்த முகத்தை நான் பார்க்க வேண்டியிருக்கும்.

"என்ன... சொல்றாரு?"

"சரியாயிருச்சாம்ணே. ஊருக்குப் போலாமாம். இருமாம அப்படியே தூங்குங்க."

தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் டாக்டரிடம் திரும்பி, "முடியவில்லை என்கிறார்" என்று நல்ல இந்தியில் சொன்னேன்.

குழாய் போட்டார்கள். மறுநாள் இறந்துபோனார். அடக்கத்துக்கு வந்த ஜெனிஃபர் ஸ்நேஹாவிடம் இங்கிலீஷில் பேசியிருக்கிறாள், அப்படித்தான் விஷயம் உங்களிடம் வந்தது. நான்தான் கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் என்னைப் பொய்யன் என்று மட்டும் எழுதாதீர்கள். அண்ணனிடம் நான் பொய் சொன்னது, ஊருக்குப் போகலாம் என்ற அந்த ஒரு தடவைதான்.