தூண் பக்கத்து சீட்டு

…நகருங்க நகருங்கன்னு சொல்லிச் சொல்லியே என்னைக் கொண்டாந்து இந்தத் தூண் பக்கத்துல விட்டுட்டாங்க தம்பி. இங்கேருந்து பாத்தா திரையில பாதிதான் தெரியுது. நடு சீட்டுல ராஜா மாதிரி உக்காந்திருந்தேன். முதல்ல ஒரு புருஷன் பொண்டாட்டி வந்தாங்க. "தனியாத்தானே வந்திருக்கீங்க, ஒரு சீட்டு தள்ளிக்கங்களேன்." தள்ளிக்கிட்டேன். அப்புறம் இந்தக் குடும்பம். அண்ணி, நாத்தனார், சித்தப்பான்னு ஒரு பட்டாளம். மறுபடியும் தள்ளு. தனியா வர்றவன் என்ன கால்ல சக்கரம் கட்டிக்கிட்டா வர்றான்? சீட்டுக்கு நம்பர் போடாத கொட்டகை, முதல்ல வந்தவனுக்கு முதல் இடம்னு பேரு. வந்தேனே, முதல்ல வந்தேனே. என்ன பிரயோஜனம்?

ஆங்? இல்ல, இங்க ஆள் வரலை. குடையை சும்மா வச்சிருந்தேன். உக்காருங்க, உக்காருங்க. பக்கத்து சீட்டுல எதையாவது வச்சே பழகிப் போச்சு. நீங்களும் தனியாத்தான் வந்தீங்களா? நல்லது. அதாவது… நல்லதுன்னு சொல்ல வரலை. சரி, உக்காருங்க. இன்னும் விளம்பரமே ஆரம்பிக்கலை.

தனியா இருக்கறதைப் பத்தி இந்தப் படக்காரங்களுக்கு என்ன தெரியும்னு கேக்கறேன். தனி ஆம்பளைன்னா ஒரு தாடி, ஒரு ஜன்னல், வெளியில மழை. பின்னாடி ஒருத்தன் வயலினைப் போட்டு அறுப்பான். வீடு பூரா அழுக்குத் துணி, காலி பாட்டில். அட, என் வீட்டுக்கு ஒரு நாள் வந்து பாருங்கய்யா. எதுவுமே கலையாது. காலையில ஸ்பூனை எங்க வச்சிட்டுப் போனேனோ, சாயங்காலம் அங்கேயேதான் கெடக்கும். எவனாவது எடுத்து மாத்தி வச்சிருந்தா, யார்ரா எடுத்ததுன்னு ஒரு சண்டையாவது போடலாம். அதுக்கும் வழியில்ல.

போர்வை மடிச்சிருக்கீங்களா, தனியா? பெரிய போர்வை. நடுவைத் தாடையில அழுத்திக்கிட்டு, ரெண்டு கையையும் விரிச்சு, அது வழுக்கி, மறுபடியும் பிடிச்சு… கடைசியில பந்தா சுருட்டி அலமாரிக்குள்ள திணிச்சுட்டு வரணும். எந்த டைரக்டராவது அதை எடுத்திருக்கானா? எடுக்க மாட்டான். ஆஸ்பத்திரிக்குப் போனா, அந்த டாக்டரம்மா என்னைப் பாக்கறதில்ல. என் முதுகுக்குப் பின்னாடி பாக்குது. "கூட யாரு வந்திருக்காங்க?" நான்தாம்மா சீக்காளி, கூட வந்தவனும் நான்தான். வெளியில உக்காந்து கவலைப்படணும்னா அதுக்கும் நானேதான் எந்திரிச்சுப் போகணும்.

நமக்குத் தொழில் கண்ணாடிக் கடையில கண்ணு பாக்கறது. சுவத்துல எழுத்து மாட்டி, ஒரு கண்ணை மூடச் சொல்லி, படிங்கன்னு சொல்லுவோம் இல்ல, அதுதான். அங்க ஒரு கூத்து நடக்கும் பாருங்க. முன்னாடி ஆள் படிக்கறதைக் காதுல வாங்கி மனப்பாடம் பண்ணிக்கிட்டு, தன் முறை வந்ததும் கடகடன்னு கடைசி வரி வரைக்கும் ஒப்பிப்பான். பலகை இருக்கற பக்கம்கூட பாக்க மாட்டான். அப்புறம் ஒரு சிரிப்பு வேற. நான் அட்டையைத் திருப்பி மாட்டிடுவேன். அப்பத் தெரியும் வண்டவாளம். மானங்கெட்ட ஜென்மங்க. யாரை ஏமாத்தறான்? அவன் கண்ணு, அவன் பார்வை.

இந்தப் படத்தையும் பாருங்களேன். அந்த அண்ணன் வருவான், ரொம்ப நல்லவன். தம்பிக்காகக் கல்யாணமே பண்ணிக்காதவன். அவன்தான் எல்லாத்துக்கும் காரணம். கிணத்துல தள்ளினதும் அவன்தான்… எப்படித் தெரியும்னா? ஊகம் தம்பி. எத்தனை வருஷமா பாக்கறோம். ஒரு ஆளைப் படத்துல அளவுக்கு மீறி நல்லவனாக் காட்டினா, கடைசியில அவன் கையில கத்தி இருக்கும். அவ்வளவுதான் இவனுங்க மூளை. கதாநாயகிக்கு இருமல் வந்துச்சா, முடிஞ்சுது. வீட்டு நாயை அடிக்கடி காட்டறானா, நாய் போச்சு. இதுக்கு ஆயிரம் பேர் சேந்து வேலை செஞ்சாங்களாம்.

ஆனா இதுக்கெல்லாம் அசந்து போற ஆளும் இருக்கான். அதோ, ரெண்டு வரிசை முன்னாடி, நடுவுல, வழுக்கைத் தலை தெரியுதா? தையல்காரன். என் கடைக்கு எதிர்க்கடை. அவனும் ஒண்டிக்கட்டைதான். வாராவாரம் ரெண்டு பேரும் சேந்துதான் வருவோம். படம் பாதி ஓடறப்பவே நான், "அந்த வக்கீல் மேல ஒரு கண்ணு வச்சுக்க"ம்பேன். கடைசியில வக்கீல் மாட்டுவான். இவன் என் தொடையில ஒரு அடி அடிப்பான். "எப்படிய்யா கண்டுபிடிச்சே!" மறுநாள் துணி கொடுக்க வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லுவான், எதிர்க்கடைக்காரருக்கு என்ன மூளை தெரியுமான்னு. அழவும் செய்வான். நல்லா அழுவான். பாட்டு ஆரம்பிச்சாலே கர்சீப்பைத் தேடுவான்.

முன்னெல்லாம் அவன்தான் சீக்கிரம் வந்து எனக்கு இடம் பிடிப்பான். பக்கத்து சீட்டுல பையைப் போட்டு, யாரு கேட்டாலும் "ஆள் வருது"ன்னு சொல்லிட்டுக் கல்லு மாதிரி உக்காந்திருப்பான். குடும்பமா வந்து கெஞ்சினாலும் அசைய மாட்டான். அவன் கூட இருந்த வரைக்கும் ஒருத்தன் என்னை நகருன்னு சொன்னதில்ல.

இப்பப் பேச்சு கெடையாது. ரெண்டு மாசமாச்சு. சின்ன விஷயம் தம்பி, சொன்னா சிரிப்பீங்க. இடைவேளையில டீ வாங்கப் போனோம். அந்த டீக்காரன் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்காம, "என்ன சார், காலையில பாத்தது பத்தலையா, மறுபடியும் வந்துட்டீங்க"ன்னான். தையல்காரன் என்னைப் பாத்தான். நான் டீயைப் பாத்தேன்.

ஆமா, பாத்துட்டுத்தான் வருவேன். ஒவ்வொரு படத்தையும். காலையில தனியா ஒரு தடவை, சாயங்காலம் அவனோட ஒரு தடவை. என்ன தப்பு? காசு என்னுது, கண்ணு என்னுது. விடுமுறை நாள்ல காலையில எந்திரிச்சு வேற என்ன கிழிக்கறது? சொல்லுங்க. மொதல்ல ஒரே ஒரு படத்துக்குத்தான் அப்படி ஆச்சு. சும்மா போய்ப் பாத்துட்டேன். சாயங்காலம் அவன் கூப்பிட்டான், பாத்துட்டேன்னு சொல்ல மனசு வரலை. கொலைகாரன் யாருன்னு உளறிட்டேன். அவன் என்னைப் பாத்தான் பாருங்க ஒரு பார்வை… என்னை அப்படி யாரும் பாத்ததில்ல தம்பி. அப்புறம் எப்படி விடறது?

இன்னொண்ணும் சொல்றேன். ரெண்டாவது தடவை நான் படத்தையே பாக்க மாட்டேன். குப்பையை எத்தனை தடவை பாக்கறது? அவன் மூஞ்சியைத்தான் பாப்பேன். இப்ப ஏமாறப் போறான், இப்ப சிரிப்பான், இப்ப கர்சீப் எடுப்பான்னு காத்துக்கிட்டிருப்பேன். சரியா எடுப்பான். காலையில அதே காட்சியைத் தனியா பாக்கறப்ப எனக்கு ஒண்ணுமே தோணாது. அவன் அழறப்பதான், அட, கொஞ்சம் நல்லாத்தான் எடுத்திருக்கான் போலன்னு தோணும்.

இதை அவன்கிட்ட சொல்லியிருக்கலாம். சொல்லலை. அவன் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "இத்தனை நாளும் என்னை வச்சு வேடிக்கை பாத்தியா?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உன்னை மாதிரி ஏமாளி இருக்கற வரைக்கும் இவனுங்க படம் எடுத்துக்கிட்டுத்தான் இருப்பானுங்க"ன்னேன். இடைவேளையோட போயிட்டான். மறுபாதிக்கு வரலை.

இப்பப் பாருங்க கொழுப்பை. பக்கத்து சீட்டுல பையை வச்சிருக்கான். யாருக்காம்? போன வாரமும் வச்சிருந்தான். படம் முடியற வரைக்கும் ஒரு ஈ காக்கா வரலை. அதுக்கு முந்தின வாரமும் அப்படித்தான். கூட்டம் நிக்குது, இவன் பைக்கு ஒரு சீட்டு. நான் எதுக்கு இறங்கிப் போய்ப் பேசணும்? பேச வேண்டியவன் அவன். வயசுல சின்னவன் வேற.

என்ன தம்பி? ஆமா… இந்தப் படமும் காலையில பாத்துட்டேன். பழக்கம் விடுதா? அதனால என்ன, அண்ணன்தான் செஞ்சான்னு தெரிஞ்சா மட்டும்… நாயும் போயிடும், அதையும் மனசுல வச்சுக்கிட்டுப் பாத்தீங்கன்னா… அட, எங்க எந்திரிக்கறீங்க? கோவமா? தூண் மறைக்குதா? என் சீட்டை எடுத்துக்கங்க, கொஞ்சம் பரவாயில்ல. அந்தக் கிணத்துக் காட்சியை நான் சரியாவே சொல்லலை, கேளுங்க…

போயாச்சு. இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒரு பொறுமை கெடையாது. போங்க, போங்க. எல்லா இடமும் நிரம்பிடுச்சு, எங்க போய் உக்காருவீங்க?

தம்பி. அந்த வரிசையில வேணாம். தம்பி, அங்க இடம் இல்ல… கேக்கறான் பாரு. தையல்காரன்கிட்டயே கேக்கறான். ஏன்டா திரும்பறே? என்னை எதுக்குடா பாக்கறே? ஆள் வருதுன்னு சொல்ல வேண்டியதுதானே, எப்பவும் சொல்லுவியே… பையில கையை வைக்கறான். தூக்கப் போறான்.

யோவ்! ஆள் வருதுன்னு சொல்லுய்யா! ஆள் வருது!

ஏம்மா, அந்தக் காலைக் கொஞ்சம் மடக்கிக்கங்க. அண்ணி, நீங்களும்தான். என் குடை… கெடக்கட்டும். நான் நடுவுக்குப் போகணும். நகருங்கம்மா, கொஞ்சம் நகருங்க.