முப்பத்தோராம் நாள் மௌனம்

— அந்த இன்னொரு போன் யாருதுங்க?

— எந்த போன்?

— ஆட்டோவுல, பின் சீட்டுக்கு அடியில, ஸ்பேனர் பைக்குள்ள துணி சுத்தி வெச்சிருக்கீங்களே, இது. என் கையிலதான் இருக்கு. நல்லா பாருங்க.

— காலங்காத்தால ஆட்டோவ எதுக்கு மதி கிண்டுற?

— கிண்டல. நம்ம பொண்ணு சினேகா குடைய மறந்துட்டு காலேஜ் பஸ் ஏறிட்டா. ஆட்டோவுல கெடக்கும்னு தேடப் போனேன். கொட கெடைக்கல, இது கெடைச்சுது. செங்கம் ரோட்டுல சகாதேவன்னா நல்ல மனுசன்னு பேரு. அந்த நல்ல மனுசனுக்கு ரெண்டு போன் எதுக்குன்னு கேக்குறேன்.

— அது என்னுது இல்ல. மேல் ரூம் மேடத்தோடது.

— வெள்ளக்காரியோடது.

— ஒக்சானான்னு பேரு இருக்கு.

— பேரு எனக்கும் தெரியும். வாடகைக்கு வந்தப்ப பாஸ்போர்ட்ட பாத்து போலீசுக்கு விவரம் எழுதிக் குடுத்ததே நான்தான். உக்ரைன். வயசு நாப்பத்தேழு. என்னைவிட ஆறு வயசு மூத்தவ. அவ போனு உங்க சீட்டுக்கு அடியில எப்பிடி வந்துச்சு?

— அவங்களே குடுத்தாங்க. மௌன விரதம் இல்ல? ஒரு மண்டலம். நாப்பத்தெட்டு நாள் வாயத் தொறக்கக்கூடாது, போன் பாக்கக்கூடாது. இன்னிக்கி முப்பத்தி ஒண்ணு.

— நாளு வேற எண்ணிக்கிட்டு இருக்கீங்க.

— விரதம்னா எண்ண மாட்டாங்களா?

— என் பொறந்த நாளு என்னிக்குன்னு சொல்லுங்க பாப்போம்.

— ஆவணியில.

— ஐப்பசி. சரி, ஒண்ணு கேக்குறேன். வாயே தொறக்காத பொம்பளகிட்ட தினம் காலையில ஒரு மணி நேரம் மாடியில என்ன பேச்சு?

— பேசறதில்ல. சும்மா உக்காந்திருப்போம்.

— அது இன்னும் மோசம்.

— இன்னா மதி நீ. விரதத்துல இருக்கறவங்க. சாப்பாடு கொண்டு போறேன், அவ்ளோதான்.

— சாப்பாடா? கல்யாணமாகி இருபது வருசம் ஆவுது, இந்த வீட்டுல உப்பு டப்பா எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. போன வாரம் யூடியூபைப் பாத்து பீட்ரூட்டு, கோஸு எல்லாம் போட்டு செவப்பா ஒரு குண்டான் எறக்கினீங்க. எனக்கு அடியில ஒரு கரண்டி மிச்சம். அதையும் குடிச்சிட்டு நல்லா இருக்குன்னு சொல்லித் தொலைச்சேன்.

— அது அவங்க ஊரு ரசம் மாதிரி. நம்ம ரசம் அவங்களுக்கு ஒத்துக்கல.

— பொகையில? வாயில அடக்கறீங்களே, விட்டுடுங்கன்னு நான் எத்தினி வருசம் கெஞ்சியிருப்பேன்? அவ ஒரு நாளு மூக்கச் சுளிச்சா. மறுநாளே பாக்கெட்டு குப்பைத் தொட்டிக்குப் போச்சு. ஒடம்புக்கு நல்லதுதான். ஆனா என் மூக்கு மூக்கு இல்லையா?

— விட்டதுக்கும் சண்டையா?

— ஏங்க, நான் லேப்ல தினம் அறுபது பேருக்கு ரத்தம் எடுக்கறவ. வெறும் வயித்துல வரச் சொன்னா நாலு இட்லி தின்னுட்டு, சாப்புடலன்னு சொல்றவன் மொகம் எனக்கு நல்லா தெரியும். அந்த மொகம்தான் இப்ப உங்களுக்கு.

— சும்மா இரு. எதையாவது சொல்லிக்கிட்டு.

— மெழுவத்தி கதையையும் நானே சொல்லவா? அன்னிக்கி லேப்ல எங்கூட வேல பாக்கற தென்றல் அவ போன நீட்டினா. "அக்கா, உங்க வீட்டுக்காரரு உலக சமாதானத்துக்கு நிக்கறாரு பாருங்க"ன்னா. ஆசிரமத்துக்கு எதிர்ல இருக்கற காபி கடை வாசல். பதினஞ்சு வெள்ளக்காரங்க, நடுவுல காக்கிச் சட்டையில நீங்க. ஒரு கையில மெழுவத்தி, ஒரு கையில இங்கிலீஷ் அட்ட. அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னாவது தெரியுமா?

— போர் நிறுத்தம் வேணும்னு.

— அத தலகீழா பிடிச்சிருந்தீங்க.

— சரி, பிடிச்சேன். அதுக்கு இன்னா? டீக்கடையில போய் கேளு. ரஷ்யாதான் ஜெயிக்கும்னு ஆதிமூலம் கிரிக்கெட்டு மாதிரி பந்தயம் கட்றான். இன்னொருத்தன் இல்ல அமெரிக்கா விடாதுன்றான். எவனாவது நிறுத்துங்கடான்னு சொல்றானா? நான் சொன்னேன். அது தப்பா?

— எனக்குத் தெரிஞ்ச யுத்தம் சூரியகாந்தி எண்ணெய். ஆரம்பிச்ச வருசம் லிட்டரு எரநூறு தொட்டுச்சு. அப்பறம் எங்க பெரியப்பா பேரன் வளவன், அங்க டாக்டருக்குப் படிச்சவன், பாதியில ஓடியாந்தான். அவன் வீடு வந்து சேந்ததோட அந்த யுத்தம் எனக்கு முடிஞ்சுபோச்சு. இப்ப திரும்ப ஆரம்பிச்சிருக்கு, நம்ம மாடிப்படியில.

— அதான் நான் நியூஸ் போட்டா மூஞ்சத் திருப்பிக்கிட்டு எழுந்து போறியா?

— உங்களைவிட நான்தான் ஜாஸ்தி பாக்கறேன். உங்களுக்குத் தெரியாது. பேச்சுவார்த்தைன்னு டிவியில எழுத்து ஓடினா, வரிசையில இருக்கறவங்கள உக்கார வெச்சிட்டுப் போய் பாப்பேன். இன்னிக்கி நிறுத்துவான், நாளைக்கி நிறுத்துவான்னு. போன பௌர்ணமிக்கு கிரிவலம் போனேனே, ஞாபகம் இருக்கா?

— சினேகா பரிட்சைக்குன்னு போன.

— பொய். அண்ணாமலையாரே, அந்தச் சண்டைய நிறுத்துன்னு மலைய சுத்தினேன். புதுச் செருப்பு கடிச்சுதுன்னு உங்ககிட்ட சொன்னதும் பொய், வெறுங்காலு. அடி அண்ணாமலை தாண்டறதுக்குள்ள ரெண்டு கால்லயும் கொப்புளம்.

— நீயா? எதுக்கு?

— நின்னுச்சுன்னா அங்க ஏர்போர்ட்டத் தொறப்பான். தொறந்தா அவ மூட்டையக் கட்டுவா. அதுக்குத்தான். இந்தத் திருவண்ணாமலையில யுத்தம் நிக்கணும்னு நெசமா வேண்டிக்கிட்டவ நான் ஒருத்திதான். மெழுவத்தி பிடிச்சவங்கல்லாம் போட்டோவுக்கு நின்னவங்க.

— அப்படிச் சொல்லாத. அவங்களுக்கு அங்க ஒரு புள்ள இருக்கான்.

— என்னது?

— ஒரே பையன். தராஸுன்னு பேரு. இருவத்திரண்டு வயசு. பட்டாளத்துல இருந்தவன். ரஷ்யாக்காரன் பிடிச்சிக்கிட்டுப் போய் எட்டு மாசம் ஆவுது. உயிரோட இருக்கானா இல்லையான்னு ஒரு தகவலும் கெடையாது.

— இத ஏன் எங்கிட்ட சொல்லல நீங்க?

— நீ எங்க கேட்ட? வெள்ளக்காரி, வெள்ளக்காரின்னுட்டு இருந்த.

— இப்ப கேக்குறேன். சொல்லுங்க.

— விரதம் ஆரம்பிக்கறதுக்கு மொத நாளு கீழ எறங்கி வந்தாங்க. நீ லேபுக்குப் போயிருந்த. கையால பாதி, இங்கிலீஷுல பாதின்னு சொன்னாங்க. இந்தப் போனு டிங்குன்னா போதும், அவங்களுக்கு நெஞ்சு நின்னு போவுதாம். தூங்கினாலும் பத்து தடவ எழுந்து பாக்கறாங்களாம். எட்டு மாசமா இப்படியே. முடியலன்னு என் கையில வெச்சிட்டாங்க. தொறக்கறதுக்கு நம்பர்கூட வேணாம்னு எல்லாத்தையும் எடுத்து விட்டுட்டாங்க. அவங்க ஊரு அம்மாங்க எல்லாம் சேந்து ஒரு குரூப் வெச்சிருக்காங்க. ரெண்டு நாட்டுக்காரனும் பிடிச்ச ஆளுங்கள மாத்திக்கறப்ப, வந்தவங்க பேரு அதுல வரும். செத்தவங்க பேரும் அதுலயேதான் வரும். தினம் காலையில மொதல்ல நீ பாரு, பையன் பேரு இருந்தா மட்டும் எங்கிட்ட வான்னாங்க.

— அவங்க எழுத்து உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

— ஒரு துண்டுச் சீட்டுல பேர எழுதிக் குடுத்தாங்க. அத பக்கத்துல வெச்சி ஒவ்வொரு எழுத்தா ஒப்பிட்டுப் பாப்பேன். அட்டையத் தலகீழா பிடிச்சவன்தான். ஆனா அந்த ஒரு பேரு இப்ப எங்க பாத்தாலும் எனக்குத் தெரியும்.

— பேரு இருந்தா மட்டும்தானே வரச் சொன்னா? இல்லாதப்ப நீங்க ஏன் தினம் போறீங்க?

— நான் வரலன்னாலும் அவங்க படியையே பாத்துக்கிட்டு இருப்பாங்கன்னு தெரியும். அதான் மேல போய் இல்லன்னு தலைய ஆட்டுவேன். புரிஞ்சிக்கிட்டு மலையப் பாத்து திரும்பி உக்காந்துடுவாங்க.

— ஆட்டிட்டு எறங்கி வர வேண்டியதுதானே?

— நீ ரிப்போர்ட்ட கையில குடுத்துட்டு உடனே அடுத்த ஆளக் கூப்புடுவியா?

— கூப்புடுவேன். அறுபது பேரு நிக்கறாங்க.

— எல்லாருக்குமா?

— சில பேரு மொகத்தப் பாத்தா ஒரு டம்ளர் தண்ணி குடுத்து செத்த நேரம் உக்கார வெப்பேன்.

— நான் அதத்தான் செய்யறேன்.

— எனக்கு எது எரியுதுன்னு உங்களுக்குத் தெரியாது. பீட்ரூட்டு இல்ல. எங்கம்மா வேலூர் ஆஸ்பத்திரியில பன்னண்டு நாளு கெடந்தாங்க. நான் வராந்தாவுல கீழ துண்டு விரிச்சி உக்காந்திருந்தேன். நீங்க எங்க இருந்தீங்க?

— வெளிய ஆட்டோவுல.

— ஒரு நாளு உள்ள வந்து எம்பக்கத்துல உக்காரல. ஒரு வார்த்த பேச வேணாங்க. சும்மா உக்காந்திருந்தா போதும். பன்னண்டு நாளும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்குக் குடுக்காதத வேத்து ஊருக்காரிக்கு முப்பத்தோரு நாளா கொண்டு போய் குடுக்கறீங்க. அதுதான் எரியுது.

— எனக்கு அப்ப தெரியல மதி.

— இப்ப யாரு கத்துக் குடுத்தாங்க?

— அப்படிக் கேட்டா நான் இன்னா சொல்றது.

— ஒண்ணும் சொல்லாதீங்க. விடுங்க. பெத்த புள்ளையத் தொலைச்சிட்டு நிக்கறா. அவமேல போய் இத்தினி நாளா வயிறெரிஞ்சேன். காலையில எதிர்ல வந்தா சிரிப்பா, நான் வாளியத் தூக்கிக்கிட்டு அந்தாண்ட போயிடுவேன். அந்தப் பேரு எழுதின சீட்டக் குடுங்க. இன்னிக்கி நான் பாக்கறேன். நானே மேல போறேன். அவ பக்கத்துல நான் உக்காந்துக்கறேன்.

— வேணாம். போனக் குடு இப்பிடி.

— ஏன்? ஒரு பேர ஒப்பிட்டுப் பாக்க எனக்குத் தெரியாதா? ட்யூப்புல ஒட்டற பேரு ஒண்ணு மாறினாலும் ஆளுக்கு ஆபத்து. இருபது வருசமா அதுதான் என் வேல.

— சார்ஜ் இருக்காது. நான் போட்டுத் தரேன், குடு.

— இருக்கு. பாதிக்கு மேல இருக்கு. சத்தத்த மட்டும் கொறைச்சு வெச்சிருக்கீங்க. ஏங்க, ஒரே நம்பர்ல இருந்து இருவத்திமூணு தடவ கூப்புட்டிருக்காங்களே?

— லோன் வேணுமான்னு கூப்புடறவனுங்களா இருக்கும்.

— அவனுங்க போட்டோ அனுப்புவானுங்களா? ஒரு பையன். மொட்ட. கன்னம் ஒட்டிப் போய் கெடக்கு. கண்ணு மூடியிருக்கு, கழுத்து வரைக்கும் கொடியப் போத்தியிருக்காங்க. யாருங்க இது? ஏன் செவுத்தப் பாக்கறீங்க?

— தராஸு.

— வியாழக்கெழமன்னு காட்டுது. இன்னிக்கி செவ்வா. அஞ்சு நாளாவா இல்லன்னு தலைய ஆட்டிட்டு வந்தீங்க?

— ம்.

— ஐயோ, கடவுளே. போயிட்டானா? அவ தாங்க மாட்டான்னு சீட்டுக்கு அடியில ஒளிச்சி வெச்சீங்களா? அஞ்சு நாளா இதைத் தனியா சொமந்துக்கிட்டு திரியறீங்க, நான் இங்க ரசத்துக்கும் பொகையிலைக்கும் சண்ட போட்டுக்கிட்டு இருக்கேன். எழுந்திருங்க. எப்படியும் சொல்லித்தான் ஆவணும். நீங்க பேச வேணாம், பக்கத்துல நில்லுங்க. நான் அவ கையப் பிடிச்சிக்கிட்டுச் சொல்றேன்.

— அவன் சாவல மதி.

— பின்ன?

— விட்டுட்டாங்க. கூட்டிக்கிட்டு வந்த பஸ்ஸுல தூங்கறப்ப எவனோ எடுத்த போட்டோ அது, அந்த இருவத்திமூணு தடவையும் கூப்புட்டது அவன்தான்; நான் மேல போய் சொல்லியிருந்தா அவங்க அன்னிக்கே ஊருக்குக் கெளம்பியிருப்பாங்க.