மஃரிபுக்கு நிற்காத பாட்டு

பின்னேரம் நாலு மணி. ஆனால் இரவு மாதிரி இருட்டு. ரத்தோட்டையைத் தாண்டி ரிவர்ஸ்டன் பக்கம் ஏறும் மலைப்பாதை. பனிமூட்டம். வண்டியும் இல்லை, ஆளும் இல்லை... புஹாரியின் பழைய வேன் மட்டும் முக்கி முக்கி ஏறிக்கொண்டிருந்தது.

இதைச் சொன்னவன் என் நண்பன் ஜுனைதீன். புஹாரி அவனுடைய தாய்மாமன். உக்குவளையில் அவன் கடைக்குள் நாங்கள் நாலு பேர் முடங்கிக் கிடந்தோம். எங்கோ மண் சரிந்து கடைசி ரயில் வரவில்லை. வெளியே மழை. நடுவில் ஒரே ஒரு அரிக்கன் லாம்பு.

"பேய் எப்ப வரும், ஜுனைதீன்? எனக்கு நித்திரை வருது" என்றார் தபால் கந்தோர் தர்மலிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர். எதையும் லேசில் நம்பமாட்டார்.

"பேய் பிந்தித்தான் வரும் ஐயா. முதல்ல மனுசன் வர்றான். அவனுக்குப் பயப்படுங்க."

அறுபத்திரண்டாம் வருடம், தை மாதம். புஹாரி ஸ்பீக்கர் செட் வாடகைக்கு விடுகிறவர். மாத்தளைப் பக்கம் கல்யாணமோ திருவிழாவோ, மரத்தில் கட்டிய இரண்டு குழாய்களும் அவருடையவைதான். அவருக்கு ஒரு வழக்கம். பொழுது அடைந்து மஃரிப் தொழுகை நேரம் வந்தால் ரெக்கார்டிலிருந்து ஊசியைத் தூக்கிவிடுவார். பள்ளிவாசலே இல்லாத மலை உச்சியானாலும் சரி. தொழுது முடித்த பிறகுதான் அடுத்த பாட்டு. எல்லாக் கல்யாண வீட்டாருக்கும் இது தெரியும். அந்த இடைவெளியில் விளக்கேற்றிக் கொள்வார்கள்.

அன்றைக்கு அவர் போனது ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு. அங்கே ஆட்களை மேய்க்கும் பெரிய கங்காணியின் மகளுக்கு மறுநாள் காலையில் கல்யாணம்.

வளைவில் ஒரு பெண் கையை நீட்டினாள். தலையில் மழைக்குப் போர்த்தும் கொங்காணி, நனைந்த கம்பளி. புஹாரி பிரேக் போட்டார்.

"நானா, கங்காணி வீட்டுக்குத்தானே போறீங்க? நான் அங்காயி. தப்படிக்கிற சன்னாசி மகள். அப்பா காலைல செத்துப் போயிட்டாரு."

"அல்லாஹ்... எனக்குத் தெரியாது தங்கச்சி."

"நல்லா இருட்டுறதுக்குள்ள பொணத்தை எடுத்துறணுமாம். கல்யாணத்துக்கு ஆகாதாம். தப்பு அடிக்கக் கூடாதாம். லயத்து வீடுகள்ல இருந்த தப்பை எல்லாம் கங்காணி புடுங்கிட்டுப் போய் அவரு அறையில போட்டுப் பூட்டிட்டாரு."

அவள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

"இந்தத் தோட்டத்துல எத்தனை பேரை எங்கப்பா அடிச்சு அனுப்பி வச்சாரு! கங்காணியோட அப்பனுக்கு விடிய விடிய அடிச்சாரு. அவரு மட்டும் ஊமையா போகணுமா? எங்ககிட்ட ஒரு மண்ணெண்ணெய்த் தகரம் இருக்கு, நானா. அதுல அடிச்சுக்கிட்டுப் போயிருவோம். தூக்குற நேரம் மட்டும் நீங்க பாட்டை நிப்பாட்டுங்க. தகரச் சத்தம் அப்பா காதுல விழணும்."

புஹாரி யோசிக்கவே இல்லை.

"மஃரிபுக்கு நான் எப்படியும் நிப்பாட்டுவேன். குழாய் ஓஞ்ச உடனே தூக்குங்க."

கங்காணி வீட்டில் பந்தல், வாழைமரம், பெற்றோல்மேக்ஸ் வெளிச்சம். புஹாரி சவுக்கு மரத்தில் ஏறிக் குழாய்களைக் கட்டினார். கீழே நின்ற கங்காணி ஒரு குழாயைக் கைகாட்டினார்.

"அதை லயத்துப் பக்கம் திருப்பு."

"அங்க மரண வீடுங்க."

"அதனாலதான் சொல்றேன். ஒப்பாரி மேல வரக் கூடாது. சத்தத்தை நல்லா கூட்டி வை."

பாட்டு தொடங்கியது. பள்ளத்தாக்கு முழுக்க அதிர்ந்தது. பொழுது அடைந்தது. புஹாரி தொழுகைக்குக் கைகால் கழுவி உளூச் செய்துவிட்டு வந்து ஊசியின் பக்கம் கையைக் கொண்டுபோனார். மணிக்கட்டைக் கங்காணியின் கை பிடித்தது.

"என்ன செய்யப் போற?"

"தொழுகை நேரம். கொஞ்ச நேரந்தான்..."

"தெரியும்யா, அந்தக் கழுதை உன்கிட்ட வந்து பேசினது. என் வீட்டு விசேசத்துல சாவுச் சத்தம் கேட்டுச்சுன்னா செட்டையும் உன்னையும் சேர்த்துப் பள்ளத்துல உருட்டிருவேன். போடுடா பாட்டை!"

பின்னால் அவருடைய ஆட்கள் நின்றார்கள். கையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி.

புஹாரி கையை எடுத்துக்கொண்டார். வாழ்க்கையிலேயே முதல் தடவை... மஃரிபுக்குப் பாட்டு நிற்கவில்லை.

பனி கலைந்திருந்தது. கீழே பாதையில் பந்த வெளிச்சத்தில் பாடை போனது. லயத்தில் இருந்தவர்கள் காத்துக் காத்துப் பார்த்துவிட்டுத் தூக்கிவிட்டார்கள். அங்காயி தகரத்தை ஓங்கி ஓங்கி அடிப்பது தெரிந்தது. பெண்களின் வாய் திறந்து திறந்து மூடுவது தெரிந்தது. சத்தம் மட்டும் இல்லை. குழாயில் காதல் பாட்டு. ஒரு முறை அவள் நிமிர்ந்து சவுக்கு மரத்தைப் பார்த்தாள்...

ஜுனைதீன் நிறுத்தினான். லாம்புத் திரியைக் கொஞ்சம் ஏற்றினான்.

"உவனைப் பொலிசிலை குடுக்கேல்லையோ?" என்றார் தர்மலிங்கம்.

"பாட்டுப் போட்டது குத்தம்னு எந்தப் பொலிஸ்ல எழுதுவாங்க, ஐயா?"

நன்றாக இருட்டிய பிறகு ஒரு ரெக்கார்ட் முடிந்தது. புஹாரி அடுத்ததை வைத்தார். பாட்டு வரவில்லை. முதலில் வந்தது ஒரு வாசம். காய்ந்த மானாப்புல் எரியும் வாசம். அதோடு, சூடேறும் மாட்டுத்தோல்... அடிப்பதற்கு முன் தப்பை நெருப்பில் காட்டினால் வருமே, அதே வாசம்.

பிறகு குழாயிலிருந்து...

டண்... டண். டண்டண... டண்.

சமையற்கட்டில் கரண்டிகள் நின்றன. நலங்கு வைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். பிறந்தது முதல் கேட்ட சன்னாசியின் கை அது. யாருக்குத் தெரியாது?

"என்னடா போட்டிருக்க!" கங்காணி ஓடி வந்தார்.

புஹாரி ஊசியைத் தூக்கினார். அடி நிற்கவில்லை. பெட்டரி வயரைப் பிடுங்கினார். பெட்டிக்குள் வால்வுகள் சிவந்து, மங்கி, அணைந்தன. டண்டண... டண். கங்காணி ஒருவனிடமிருந்து கத்தியைப் பறித்து, மரத்தில் ஏறிக் கயிற்றை வெட்டினார். லயத்தைப் பார்த்திருந்த குழாய் தரையில் குப்புற விழுந்தது. இப்போது அடி மண்ணுக்குள்ளிருந்து வந்தது. நின்றவர்களின் உள்ளங்கால் அதிர்ந்தது.

யாரோ கத்தினார்கள், "தப்பைத் தொறந்து குடுத்திருங்க ஐயா!"

பூட்டைத் திறந்தார்கள். அறைக்குள் நெருப்பு இல்லை. சாம்பல் இல்லை. சுவரோரம் தப்புகள் அடுக்கியது அடுக்கியபடி இருந்தன. ஒருவன் தொட்டான். ஆ என்று கையை உதறினான். அத்தனையும் கொதித்தன.

அந்த நிமிடம் அடி நின்றது.

புஹாரி செட்டை அள்ளி வேனில் போட்டார். யாரும் தடுக்கவில்லை. அதே மலைப்பாதை. அதே வளைவு. வேன் வெளிச்சத்தில் அங்காயி நின்றாள். காலெல்லாம் புதைகுழி மண்.

"எங்கப்பாவைச் சினிமாப் பாட்டோட அனுப்பி வச்சீங்க நானா. நல்லா இருங்க."

புஹாரிக்குத் தலை நிமிரவில்லை. "பிறகு... அவருக்கு அடி கேட்டிச்சே, தங்கச்சி."

"கேட்டிச்சு. எங்கப்பா கைதான். ஆனா அது அவருக்கு அடிச்சது இல்ல." அவள் வேனுக்குள் குனிந்தாள். "பொணத்துக்கு முன்னால அடிக்கிறது வேற. இது வீடு வீடா போய்ச் சாவு சொல்ற அடி. எங்கப்பாதான் செத்துப் போயிட்டாரே, அவரு யாரு சாவைச் சொல்றாரு? கங்காணி வீட்டுல போய்க் கேட்டுப் பாருங்க."

அன்றிலிருந்து பொழுது அடையும்போதெல்லாம் கங்காணி காதைப் பொத்திக்கொள்வாராம். மற்ற யாருக்கும் ஒன்றும் கேட்காது. அடுத்த மழைக்குள் போய்ச் சேர்ந்தார். மகன்கள் லயத்துக்கு ஆள் அனுப்பித் தப்படிக்கக் கூப்பிட்டார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"அவருக்குத்தான் அன்னைக்கே சன்னாசி அடிச்சிட்டாரே. இனி நாங்க என்னத்த அடிக்க?"

பெரிய கங்காணியின் பிணம் சத்தமில்லாமல் போனது.

மழை விட்டிருந்தது. தர்மலிங்கம்தான் முதலில் தொண்டையைச் செருமினார்.

"வயர் எங்கையோ தொட்டிருக்கும். விழுந்த குழாய் இப்ப எங்கை?"

ஜுனைதீன் லாம்பைத் தூக்கிக் காட்டினான். எங்கள் தலைக்கு மேலே, கூரை வளையில், தூசி படிந்து தொங்கியது. ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

"மாமா மவுத்தாகி அடக்கமாகும் வரைக்கும் அதைக் கட்டவே இல்ல. விக்கவும் இல்ல. தொட்டுப் பாருங்களேன்."

தர்மலிங்கம் சிரித்துக்கொண்டே எழுந்து கையை நீட்டினார்.

சட்டென்று இழுத்துக்கொண்டார். எங்கள் நடுவில் வந்து உட்கார்ந்து, விடியும்வரை விரல்களை ஊதிக்கொண்டிருந்தார்.