மூன்றாம் கட்டிலுக்கு மேலே இருந்த வளையம்

ஆஸ்பத்திரிக் கஞ்சியில் உப்பு இருக்காது. அதனால் என் சம்சாரம் சின்னப்பொண்ணுக்கு மீஞ்சூரிலிருந்து தினமும் ஊறுகாய் கொண்டுபோவேன். பெண்டாட்டியைக் கவனிக்காதவன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது, ஐயா.

அது வெள்ளைக்காரன் காலத்து மிஷன் ஆஸ்பத்திரி. நெஞ்சுச்சளி முற்றிப்போய் அவளை மூன்றாம் கட்டிலில் போட்டிருந்தார்கள். வார்டு கட்டின காலத்தில் மையால் வரைந்த படம் ஒன்று வராந்தாவில் மாட்டியிருக்கிறது. அதில் ஒவ்வொரு கட்டிலுக்கும் மேலே சுவரில் ஒரு வேலைப்பாடு. முதல் கட்டிலுக்குத் திராட்சைக் கொத்து, அடுத்ததற்குப் புறா, மூன்றாவதற்கு மலர் வளையம். இப்போது சுவரில் எதுவும் இல்லை, வெள்ளையடித்து மூடிவிட்டார்கள். நோயாளிக்குத் தெரியக் கூடாதென்றுதான் மூடினார்கள் என்று எனக்குப் பட்டது. எங்கள் பக்கம் மலர் வளையம் வைப்பது பிணத்துக்குத்தான்.

டாக்டர் அன்புசெல்வன், "பெரியவரே, ஞாயித்துக்கிழமை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்" என்றார். கும்மிடிப்பூண்டி இரும்பு மில்லில் என்னோடு வேலை பார்த்த பாக்கியராஜுக்கும் ஒரு டாக்டர் இப்படித்தான் சொன்னார். மறுநாள் சவப்பெட்டி வாங்கினோம். புறாக் கட்டில்காரியோ எழுந்து நடந்தே போய்விட்டாள். படம் பொய் சொல்லவில்லை.

சின்னப்பொண்ணு டாக்டரை நம்பினாள்.

"இன்னாய்யா, மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு? ஞாயித்துக்கெழம மீன் கொழம்பு நான்தான் வைப்பேன். உன் சமையலத் துன்னு நாக்கு செத்துப்போச்சு."

பாவம். மூச்சுக்கு ஏங்கி ஏங்கிச் சாக அவளை விடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

வார்டில் வேறு ஆளில்லை. நர்ஸ் சோனியா மத்தியானம் சாப்பிடப் போனதும், தலையணையை எடுத்துச் சின்னப்பொண்ணு முகத்தில் வைத்தேன். சீக்கிரம் முடிந்துவிட்டது. சளி அடைத்துப் போய்விட்டாள் என்று எல்லோரும் நம்பினார்கள்.

அடக்கம் முடிந்து, அவளுடைய பாத்திரங்களை எடுக்கப் போனேன். பழைய கட்டடப் படங்களை ஆராய்கிற நர்மதா என்ற பெண் அந்தப் படத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. வளையத்தைக் காட்டிக் கேட்டேன்.

"மலர் வளையமா? இதுல ஒரு பூகூட இல்லையே தாத்தா. இது இலை மாலை. ஜெயிச்சவங்களுக்குப் போடுறது. அந்தக் காலத்துல குணமானவங்களை இந்தக் கட்டிலுக்கு மாத்தி, அப்புறம்தான் வீட்டுக்கு அனுப்புவாங்க."

கறுப்பு மையில் இலையும் பூவும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிந்தது.

என் மணிக்கட்டில் என்ன காயம் என்று கேட்டீர்கள். தலையணையை அழுத்தும்போது அவள் பிடித்துக்கொண்டாள், நகம் பதிந்துவிட்டது. போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டாள், ஐயா. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவனுக்குத் தெரியாதா?