அப்பாவின் காருக்குப் புது கியர்பாக்ஸ்

மார்ச் 12, புதன்.

இன்று மாலை எலக்ட்ரிக்கல் வகுப்பில் ஒரு சின்னத் தவறு செய்தேன். மல்டிமீட்டர் ஆம்பியர் அளக்கும் நிலையில் இருப்பதைக் கவனிக்காமல் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்துவிட்டேன். உள்ளே ஃபியூஸ் போய்விட்டது. “மீட்டர் கையில இருக்கு, புத்தி எங்கம்மா இருக்கு?” என்றார் வாத்தியார். எல்லோரும் சிரித்தார்கள். எந்த வேலையையும் இரண்டு தடவை பார்த்துச் செய்கிறவள் நான். பார்த்த பிறகும் சந்தேகம் தீராது. ஞாயிற்றுக்கிழமை நடந்ததையும் அப்படித்தான் வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

முழங்கால் அறுவைக்குப் பிறகு அப்பாவால் இடது காலை ஊன்றி மிதிக்க முடியவில்லை. எங்கள் டீசல் கார் என்னைவிட மூத்தது, கிளட்ச் கல் மாதிரி இருக்கும். அதனால் நான் ஓட்டினேன். முடி வெட்டப் போவது, பிசியோதெரபி, அவருடைய சிநேகிதர் வீடு, எல்லாம் என்னோடுதான். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “கியர மாத்துடி, வண்டி மூச்சு வாங்குது பாரு” என்பார். வீட்டில் அவர் பேசுகிறவர் இல்லை. காரில் பேசுவார். அக்கா மூத்தவள், செல்லம், அவளுக்கு எல்லாமே முதலில் கிடைத்தது. இது ஒன்றுதான் எனக்கென்று இருந்தது.

அத்தான் நல்லவர் என்பதை எழுதிவிடுவது நியாயம். அவர் ஒரு பட்டறையில் மெக்கானிக். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சொன்னார்: “எதுக்கு மாமா சின்னவ வேலைய விட்டு வரணும்னு காத்துக்கிட்டு? இதே இன்ஜின் போட்ட கார் ஒண்ணு உடைக்க வந்திருக்கு, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். தூக்கி இதுல மாட்டிடலாம். கிளட்சே வேணாம்.”

அப்பாவின் முகம் மலர்ந்தது. நான் எத்தனையோ முறை அவருக்காகக் கதவைத் திறந்து பிடித்திருக்கிறேன். அப்போதெல்லாம் அது அப்படி மலர்ந்ததில்லை.

வேலை முழுக்க நான் கூட இருந்தேன். பழைய கியர்பாக்ஸை இறக்கும்போது தாங்கிப் பிடித்தேன், ஆயில் குழாய்களைத் துடைத்துக் கொடுத்தேன். “என் அசிஸ்டென்ட் இல்லன்னா நான் என்ன ஆவேன்!” என்று அத்தான் கேலி செய்வார். அப்பா திண்பண்டத் தட்டோடு வந்து, அதை அவரிடம் நீட்டி, “மாப்பிள்ளை கை பட்டா எந்த வண்டியும் பேசும்” என்பார். எனக்கு வயிறு எரிந்தது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். பசிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் பக்கவாட்டில் ஒரு சுவிட்ச் உண்டு. லிவர் பார்க்கிலோ நியூட்ரலிலோ இருந்தால்தான் அது ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் விடும். டிரைவில், அதாவது ஓட்டும் நிலையில், இருந்தால் சாவியைத் திருப்பினாலும் வண்டி கிளம்பாது. அந்த சுவிட்ச் கிடைக்கத் தாமதமானதால், இன்ஜினைச் சோதிக்க அத்தான் அதற்குப் போகும் இரண்டு வயர்களையும் நேராக ஒன்றோடொன்று முறுக்கி டேப் சுற்றியிருந்தார். சனிக்கிழமை சுவிட்ச் வந்தது. டேப்பைப் பிரித்தார், மாட்டினார், டிரைவில் வைத்துச் சாவியைத் திருப்பிக் காட்டினார். வண்டி அசையவில்லை. பார்த்தது நான் மட்டும்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. காரை நிறுத்தும்போது கியரில் போட்டுத்தான் நிறுத்துவார். ஹேண்ட் பிரேக்கை அவர் நம்பியதே இல்லை. அன்று மாலை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தவர், லிவரை டிரைவிலேயே விட்டுச் சாவியை எடுத்தார். “மாமா, இதுல பார்க்ல போடணும்” என்று சிரித்துக்கொண்டே அத்தான் லிவரைத் தள்ளினார். அப்பாவும் சிரித்தார். அந்தப் பழக்கம் இத்தனை நாளும் பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியும். அது ஒரு நாளில் போகாது.

இருவரும் உள்ளே போன பிறகு வயர்களை மறுபடியும் முறுக்கி, அதே டேப்பைச் சுற்றினேன். வண்டி ஒரு முறை துள்ளினால் அப்பா பயந்துவிடுவார் என்று நினைத்தேன். பயந்தால் என்னைக் கூப்பிடுவார்.

ஞாயிறு காலை இருவரும் ஒரு சுற்றுப் போய் வந்தார்கள். அத்தான் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றார். அப்பா காரை வீட்டுச் சுவரைப் பார்த்தபடி நிறுத்தி, தண்ணீர் குடிக்க இறங்கினார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். லிவர் டிரைவில் இருந்தது.

மறுபடி கிளம்ப அப்பா ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார், கார் பாய்ந்தது. இல்லாத கிளட்சைத் தேடி இடது கால் அலைந்தது, வலது கால் ஆக்சிலேட்டரில் அழுந்தியது. அத்தான் காருக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தார்.

ஆஸ்பத்திரியில் அத்தானுக்கு இரண்டு தொடைகளிலும் கம்பி வைத்திருக்கிறார்கள். நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, “பாப்பா, அந்த டேப்ப நான் பிரிச்சேன்ல? டிரைவ்ல போட்டு டெஸ்ட் பண்ணோமே?” என்றார்.

“இல்லத்தான். நாளைக்குப் பாத்துக்கலாம்னு சொன்னீங்க.”

அவர் என் கையை விட்டார். “அப்ப என் தப்புதான். மாமாகிட்ட சொல்லு, அவர் மேல ஒண்ணும் இல்லன்னு.”

சொன்னேன். அப்பா தலை குனிந்தபடி, “இனி நான் ஸ்டியரிங்கத் தொடமாட்டேன்மா” என்றார்.

எங்கே பிசகினேன் என்று தேடியதில் ஒன்று மிஞ்சுகிறது. அப்பா ஏறி உட்கார்ந்தபோது அத்தான் கேட்டருகேதான் இருந்தார். “அத்தான், ஒரு ஹெட்லைட் மங்கலா எரியுது, முன்னால நின்னு பாருங்களேன்” என்று கூப்பிட்டது நான். அவர் போய்க் குனிந்ததும், “ம், ஸ்டார்ட் பண்ணுங்கப்பா” என்றதும் நான். லைட் உண்மையிலேயே மங்கலாக இருந்ததா என்று இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

நாளை காலை வயர்களைப் பிரித்துச் சுவிட்சில் சேர்க்க வேண்டும். முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, அப்பா காலை நீட்ட இடம் செய்ய வேண்டும். எட்டரை மணிக்கு அவரை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அக்கா வருவதாக இருந்தால் பின்னால் உட்காரலாம்.