பெரிய றாக்கை கேட்கிறார்கள், பிழையோ அடுக்கில்!

சங்கத்தின் தலைமைக் கதிரையில் வீற்றிருக்கும் கமலாசனி அம்மா அவர்களே! எனக்கு முன்னே பேசி மேடையைச் சூடாக்கிவிட்டுப் போன நிர்வாகக் குழுப் பெரியவர்களே! புதுக்குடியிருப்பின் வெயிலையும் வெள்ளத்தையும் வென்று நெல் விளைவிக்கும் உழவர்களே! அந்த நெல்லை அவித்து அரிசியாக்கும் தாய்மாரே! முன்வரிசையில் தேநீரோடு அமர்ந்திருக்கும், இயந்திரம் விற்ற கம்பனியின் முகவர் ஐயா அவர்களே! மாங்குளம் சந்தியில் பைப்புக்கடை வைத்திருக்கும் இந்தச் சங்க உறுப்பினனின் வணக்கம். வணக்கம் மட்டும்தான் குளிர்ச்சி, மிச்சமெல்லாம் கொதிப்பு!

எங்கள் சங்கத்தின் அரிசி ஆலையில் நிறம்பிரிக்கும் இயந்திரம் ஒன்று நிற்கிறது. அரிசி அருவியாய்க் கொட்டும்போது அதன் கமரா பார்க்கிறது. கல்லோ கறுத்த மணியோ கண்ணில் பட்டால், இமைக்கும் முன்னே காற்றை ஊதி வெளியே தள்ளுகிறது. வெள்ளை அரிசி போட்டால் வேலை சுத்தம். நாங்கள் உண்ணும் சிவப்பு நாட்டரிசியைப் போட்டால்? கல் உள்ளே போகிறது, நல்ல மணி வெளியே பறக்கிறது!

("என்ர கடைவாய்ப் பல்லே போட்டுது, தம்பி!")

சிவலட்சுமி அக்கா, உங்கட பல்லுக்கும் சேர்த்துத்தான் கதைக்கிறன். இருங்கோ.

முகவர் ஐயா என்ன சொன்னார்? "உங்கட சிவப்பரிசிதான் பிரச்சினை. மெசினின்ர பதுக்கு நினைவகம் சின்னன். அது ரெண்டு மடங்கு பெரிசா உள்ள புது மெசின் எடுங்கோ" என்றார். அதை வாங்க, நாம் நெல் காயப்போடும் தளத்தை அடகு வைக்க வேண்டுமாம்! அதுதான் இன்று வாக்குக்கு வரும் தீர்மானம். தளம் போனால் நெல்லை எங்கே காயப்போடுவது? தார்வீதியிலா? லொறிச் சில்லுக்குக் கீழேயா?

அதென்ன பதுக்கு நினைவகம்? பதுக்கல் என்றதும் வியாபாரி என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்! என் கடையின் பின்னால் ஸ்டோர் இருக்கிறது. சாமான் எல்லாம் அங்கே. முன்னால், கையெட்டும் தூரத்தில், தட்டுத் தட்டாய்ச் சாமான் அடுக்கும் ஒரு சின்ன றாக்கை. அடிக்கடி கேட்பது அதில் இருந்தால் வாடிக்கையாளர் காத்து நிற்கத் தேவையில்லை. இல்லாவிட்டால் ஸ்டோருக்கு ஓடவேண்டும். இயந்திரத்துக்குள் இருக்கும் புரொசெசருக்கும் அப்படித்தான்: தூரத்தில் பெரிய நினைவகம், பக்கத்தில் சின்னப் பதுக்கு நினைவகம்.

("அப்ப றாக்கை பெரிசெண்டால் நல்லது தானே?")

பழனியாண்டி அண்ணை, நல்ல கேள்வி! கடை திறந்த புதிதில், ஒரு சாமானுக்கு ஒரே தட்டு என்று சட்டம் போட்டேன். பைப்பை வளைத்துப் பொருத்தும் எல்போவுக்கும் பைப் ஒட்டும் பசைக்கும் ஒரே தட்டு விழுந்துவிட்டது. எல்போ வாங்குகிறவர் பசை கேட்காமல் போவாரா? எல்போவை வைத்தால் பசை ஸ்டோருக்கு. பசையை வைத்தால் எல்போ ஸ்டோருக்கு! என் கடையில் வேலை செய்யும் சதீஸ் கத்தினான்: "முதலாளி, நான் சாமான் எடுக்கிறனோ, ஓட்டப்போட்டி ஓடுறனோ?" பக்கத்துத் தட்டுகளோ வெறுமையாய்க் கிடந்தன! றாக்கையைப் பெரிதாக்கினேனா? இல்லை. இந்த இரண்டில் எது வந்தாலும் இரண்டு தட்டில் எதிலும் வைக்கலாம் என்று சட்டத்தை மாற்றினேன். ஓட்டம் நின்றது. அதற்காக எந்தச் சாமானும் எங்கும் வைக்கலாம் என்று விட்டால், தேடியே பொழுது போகும். அளவும் வேண்டும், அடுக்கும் வேண்டும்!

இந்த ஊர்ப் பிள்ளை தர்மிளா, இப்படியான இயந்திரங்களுக்கு நிரல் எழுதும் பொறியியலாளர், தன் மடிக்கணினியை மாட்டிப் பார்த்தார். சிவப்பரிசியின் நிற அட்டவணையும் காற்றை ஊதும் கட்டளையும் ஒரே தட்டுக்கு மோதுகின்றன. ஒன்று வர மற்றது வெளியே. ஸ்டோருக்கு ஓடித் திரும்புவதற்குள் கல் கடந்து போய்விடுகிறது, பிந்தி ஊதும் காற்றோ நல்ல மணியைத் தள்ளுகிறது! வெள்ளை அரிசியின் அட்டவணைக்கு வேறு தட்டு. அதனால் மோதலே இல்லை. அட்டவணையை இடம் மாற்றி வைத்தால் போதும் என்றார் தர்மிளா. முகவர் ஐயா சொன்ன மறுமொழி? "தங்கச்சி, இது கொழும்பில படிச்சவை செய்தது. வன்னிக்கு இது காணும்."

காணுமா? கல்லரிசியே எங்களுக்குப் போதுமா? எங்கள் சிவப்பரிசி குற்றவாளியா? வெள்ளையை மட்டும் போட்டுச் சோதித்துவிட்டு, விற்கும்போது எல்லா அரிசிக்கும் என்று சொன்னது யார் குற்றம்?

முகவர் ஐயா, இந்தச் சபையில் ஒரே ஒரு கேள்வி. புது மெசினில் அடுக்கும் சட்டம் மாறியிருக்கோ? ... சத்தமாய்ச் சொல்லுங்கோ. "அளவு மட்டும்தான் கூட, அடுக்கு அதேதான்" என்கிறார். கேட்டீர்களா? கேட்டீர்களா! தளத்தைக் கொடுத்து வாங்கினால், அதே மோதல் பெரிய றாக்கையிலும் வரலாம். வராது என்று எழுதித் தருவீர்களா? தலையைக் குனியாதேங்கோ, ஐயா. தேத்தண்ணி ஆறுது.

வியாபாரியாய்ச் சொல்கிறேன்: விற்றவன்தான் திருத்த வேண்டும்! உத்தரவாதம் முடியவில்லை. கம்பனி அட்டவணையை இடம் மாற்றட்டும். எங்கள் கண்முன்னே, எங்கள் சிவப்பரிசியைக் கொட்டிக் காட்டட்டும். முதல் கைப்பிடியைச் சிவலட்சுமி அக்கா மெல்லட்டும்!

("மிச்சப் பல்லையும் கேக்கிறாய், என்ன!")

தளத்தை அடகு வைக்க மாட்டோம் என்பவர்கள் கையை உயர்த்துங்கள். கமலாசனி அம்மா, எண்ண வேண்டாம். உயராத கை ஒன்றுதான். அதில் தேநீர்க் கோப்பை இருக்கிறது.

பொறுமையோடு கேட்ட சபைக்கு நன்றி. நாளைக் காலையும் அந்தத் தளத்தில் எங்கள் நெல் காயட்டும். வணக்கம்!